மென்பொருள் தொழிலிலிருந்து நிதி எழுத்துக்கு மாறுவது எப்படி?

கம்பெனியை விற்றாயிற்று, அல்லது இழுத்து மூடியாயிற்று. கையில் கொஞ்சம் பணமும் நிறைய அனுபவமும் இருக்கின்றன. பங்குச்சந்தை பற்றிச் சொல்லவும் ஏராளமாக இருக்கிறது. இந்த இடத்தில் நின்றுகொண்டு பத்தி எழுத்துக்கும் டிவி விவாதத்துக்கும் புத்தகத்துக்கும் வந்தவர்கள் உலகெங்கும் உண்டு. பெங்களூரின் தீபக் ஷெனாய் மென்பொருள் தொழிலிலிருந்து சந்தை எழுத்துக்கு வந்தவர். அந்த எழுத்தின் மேல்தான் கேபிடல்மைண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் எழுந்தது; 2025இல் அது மியூச்சுவல் ஃபண்ட் திட்டமும் கொண்டுவந்தது.

அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆல்டுச்சர் கதை இன்னும் மேடுபள்ளமானது. கார்னெலில் கணினி அறிவியல் படித்து, 90களில் ரீசெட் என்ற வெப் டிசைன் நிறுவனத்தை நடத்தி விற்றார். அந்தப் பணம் டாட்காம் சரிவில் கரைந்தது. பிறகு, சந்தையில் திரும்பத் திரும்ப வரும் போக்குகளை நிரல் எழுதிச் சோதித்து, கிடைத்ததைப் பத்திகளாக்கினார். 2004இல் முதல் புத்தகம் வந்தது. 2006இல் தொடங்கிய ஸ்டாக்பிக்கர் தளத்தை மறு ஆண்டே தி ஸ்ட்ரீட் நிறுவனம் 1 கோடி டாலருக்கு வாங்கியது. 2017 கிரிப்டோ காய்ச்சலின்போது அவர் முகம் போட்ட விளம்பரங்கள் இணையமெங்கும் ஓடின. கேலியும் விமர்சனமும் கூடவே வந்தன. இந்தத் தொழிலில் பெயர் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பதற்கு இந்த ஒரு வாழ்க்கையே போதும். நிரலும் சோதனையும் ஏற்றின, விளம்பரம் இறக்கியது.

தொழில் நடத்தியவருக்குப் பங்கு விலை பற்றி விசேஷ ஞானம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனிக்குள் பணம் எப்படி வருகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது, கணக்கில் எங்கே அழகுபடுத்தப்படுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எழுத வேண்டியது அதை. டிப்ஸ் எழுதினால் ஆயிரத்தில் ஒருவர், அதுவும் சட்டச் சிக்கலோடு.

எழுதும் முன் அவிழ்க்க வேண்டிய கட்டுகள்

முதலில் வெளியேறும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ரகசியக் காப்பு, போட்டித் தொழில் தடை, பழைய கம்பெனியைப் பற்றி இழிவாகப் பேசக்கூடாது என்ற விதி என மூன்றுமே பெரும்பாலும் அதில் இருக்கும். கடைசி விதி சில சமயம் முதலீட்டாளர்களையும் சேர்த்துக் கட்டும். அப்படியென்றால் அவர்கள் பணம் போட்ட வேறு கம்பெனியைப் பற்றி எழுதுவதற்கு முன்பும் வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் கம்பெனியை வாங்கியது பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால், அல்லது உங்கள் வாடிக்கையாளர் அப்படிப்பட்டவர் என்றால், உள்தகவல் வர்த்தகத் தடை விதிகள் உங்களையும் தொடும். சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், முந்தைய 6 மாதங்களில் தொடர்பில் இருந்தவரையும் தொடர்புடைய நபராகவே பார்க்கின்றன. அந்தப் பங்குகளில் வர்த்தகமும் வேண்டாம், அவற்றைப் பற்றிய எழுத்தும் வேண்டாம். 6 மாதம் என்பது குறைந்தபட்சம். வாடிக்கையாளரின் ஆர்டர் நிலவரம் உங்களுக்கு இன்னும் நினைவில் இருந்தால் ஒரு வருடம் தள்ளிவைப்பதுதான் யோக்கியம்.

வீட்டுச் செலவுக்கு 2 முதல் 3 வருடப் பணத்தை வைப்புத்தொகையாகவோ லிக்விட் ஃபண்டாகவோ ஒதுக்கிவிடுங்கள். இதைச் சிக்கன அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதச் செலவுக்குக் கை கடிக்கும் எழுத்தாளர்தான் முதலில் வரும் ஸ்பான்சருக்குத் தலையாட்டுவார்.

கணக்கைப் படிக்கும் பயிற்சி

மூன்று மாதம் எதையும் வெளியிடாமல், வாரம் இரண்டு ஆண்டறிக்கை படியுங்கள். நீங்கள் தொழில் செய்த துறையிலேயே தொடங்குங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் அறிக்கைகள் பங்குச்சந்தைத் தளங்களில் இலவசம். பட்டியலில் இல்லாத ஸ்டார்ட்அப்களின் கணக்கை, கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். ஐபிஓவுக்கு (முதல் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு) வரும் ஸ்டார்ட்அப்பின் வரைவு ஆவணம் தங்கச் சுரங்கம். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் முதலில் படிக்க வேண்டியவை மூன்றே பகுதிகள்: அபாயக் காரணிகள், தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள், கணக்கின் குறிப்புகள். நிர்வாகத் தலைவரின் கடிதத்தைக் கடைசியில் படியுங்கள். படிக்காமல் விட்டாலும் நஷ்டமில்லை.

பார்க்க வேண்டியதை ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துச் சொல்லலாம். போன வருட விற்பனை 80 கோடி, வருடக் கடைசியில் வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கி 22 கோடி. இந்த வருடம் விற்பனை 120 கோடி, பாக்கி 50 கோடி. பத்திரிகைக் குறிப்பு "50 சதவீத வளர்ச்சி" என்று வரும். பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். போன வருடம் 100 நாளில் வந்த பணம் இப்போது 152 நாளில் வருகிறது. ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 120 கோடிக்குப் பில் போட்டு 92 கோடிதான் கைக்கு வந்திருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகப் பில் போட்டு வருட இலக்கை எட்டிய அனுபவம் உள்ளவருக்கு இந்த 50 கோடி என்னவாக இருக்கும் என்று சட்டெனப் புரியும். பத்திரிகையாளருக்கு அது எளிதில் புரியாது. உங்கள் பத்தி அங்கேதான் பிறக்கிறது.

அடுத்தது மென்பொருள் உருவாக்கச் செலவு. இஞ்சினியர் சம்பளம் 30 கோடியில் 12 கோடியை "சொத்து" என்று இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றிவிட்டால், அந்த வருட லாபம் ஏறக்குறைய அதே அளவு கூடித் தெரியும். இந்தியக் கணக்கியல் தரம் 38 இதற்குச் சில நிபந்தனைகளோடு இடம் கொடுக்கிறது. ஆகவே மோசடி என்று எழுதிவிடக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறு. இந்த 12 கோடி பண ஓட்ட அறிக்கையில் முதலீட்டுச் செலவாகப் போய் உட்காரும். எனவே "லாபத்தை விடுங்கள், செயல்பாட்டுப் பண ஓட்டத்தைப் பாருங்கள்" என்ற புத்திசாலி வாசகரும் ஏமாறுவார். செயல்பாட்டுப் பணத்திலிருந்து இந்தத் தொகையைக் கழித்துக் காட்டுங்கள்.

ஊழியர் பங்கு விருப்பங்களும் (குறித்த விலையில் கம்பெனியின் பங்கை வாங்கும் உரிமை) அப்படித்தான். 1 கோடி பங்கு, 24 கோடி லாபம் என்றால் பங்குக்கு 24 ரூபாய். கிட்டத்தட்ட இலவச விலையில் 12 லட்சம் விருப்பங்கள் நிலுவையில் இருந்தால் அது 21 ரூபாய் 43 பைசா ஆகிறது. 600 ரூபாய் விலையில், லாபத்தைப்போல் 25 மடங்கு என்று நினைத்த பங்கு உண்மையில் 28 மடங்கு. இந்த விஷயத்தைப் பழக நல்ல பாடப்புத்தகம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். சென்னையில் 2010இல் தொடங்கி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான மென்பொருள் கம்பெனி. அதன் அறிக்கைகள் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசம். கணக்கியல் விதிப்படியான செயல்பாட்டு முடிவும், கம்பெனி தானே சரிசெய்து தரும் முடிவும் அருகருகே இருக்கும். இடைவெளியின் பெரும்பகுதி பங்காகத் தரும் ஊதியம்தான். நான்கு காலாண்டுகளுக்கு அந்த இடைவெளியைக் கையால் எழுதிப் பாருங்கள்.

நிரல் தெரிந்தவருக்கான பொறி

பழைய விலைத் தரவை எடுத்து உத்திகளைச் சோதிப்பது மென்பொருள்காரருக்குக் கை வந்த கலை. பிழைகளும் இங்கேதான் அதிகம், காரணம் நிரல் சரியாக ஓடிவிடும். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்து 15 வருடம் பின்னோக்கிச் சோதித்தால், இடையில் தோற்று வெளியேறிய கம்பெனிகள் கணக்கிலேயே வராது. முடிவு பிரமாதமாக இருக்கும், பயன் இருக்காது. அந்தந்தத் தேதியில் குறியீட்டில் இருந்த பட்டியலைத் தேடி எடுக்க வேண்டும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாகத் தரும் 1:1 போனஸ் அன்று விலை பாதியாகும். சரிசெய்யாத தரவில் உங்கள் நிரல் அதை 50 சதவீதச் சரிவு என்று படித்து "வாங்கு" என்று சொல்லும். மார்ச் வருட முடிவுகளை ஏப்ரல் 1 அன்றே தெரிந்தது போல் நிரலில் வைப்பது இன்னொரு பிழை. வருட முடிவை வெளியிட 60 நாள், மற்றக் காலாண்டுகளுக்கு 45 நாள் அவகாசம் உண்டு. பங்குச்சந்தைக்கு அறிவித்த தேதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஒப்பிடும்போது டிவிடெண்டும் சேர்ந்த மொத்த வருவாய்க் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். மியூச்சுவல் ஃபண்டுகளுக்கே 2018 பிப்ரவரியிலிருந்து அதுதான் கட்டாயம். டெலிவரிக்கு (அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ள) வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீத வரி, அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம். இவற்றைக் கழித்தபின் மாதாமாதம் வாங்கி விற்கும் உத்திகளில் பெரும்பாலானவை பல்லிளிக்கும். தினசரி விலைக் கோப்பின் வடிவத்தைத் தேசியப் பங்குச்சந்தை 2024 ஜூலையில் மாற்றியது. அதற்கு முன் எழுதிய நிரல்களில் எந்த நெடுவரிசை எங்கே போனது என்று சரிபார்க்காமல் எதையும் வெளியிட வேண்டாம்.

செபி எங்கே கோடு போடுகிறது?

பலரும் "இது கல்வி நோக்கம் மட்டுமே" என்று ஒரு வரி போட்டால் தப்பிவிடலாம் என்று நம்புகிறார்கள். 2023 அக்டோபரில் 'பாப் ஆஃப் சார்ட்' விவகாரத்தில் செபி இட்ட இடைக்கால உத்தரவு இதற்குப் பதில். வகுப்பு என்ற பெயரில் பங்குப் பரிந்துரை நடந்தது என்று கூறி, 17.2 கோடி ரூபாயை எஸ்க்ரோ கணக்கில் (முடிவு தெரியும்வரை பணத்தை முடக்கிவைக்கும் கணக்கில்) கட்டச் சொன்னது. தலைப்பு எதுவானாலும் உள்ளே இருப்பது என்ன என்றுதான் பார்க்கிறார்கள்.

2014ஆம் ஆண்டின் ஆய்வாளர் விதிமுறைகள் எதை ஆய்வறிக்கை அல்ல என்று சொல்கின்றனவோ, அதுதான் செபியில் ஆய்வாளராகப் பதிவில்லாதவரின் மைதானம். பொதுவான சந்தைப் போக்கு பற்றிய கருத்து, பரந்த குறியீடுகள் பற்றிய விவாதம், பொருளாதார, அரசியல் நிலவரம், கம்பெனிகளின் நிதித் தரவுச் சுருக்கம் ஆகியவை எழுதலாம். வாங்கு, விற்றுவிடு, வைத்திரு என்பதோ, இலக்கு விலையோ, ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கலாமா என்ற தீர்ப்போ வந்து, அதற்குப் பணமாகவோ வேறு ஆதாயமாகவோ ஏதாவது கிடைத்தால் கோட்டைத் தாண்டியாயிற்று. மேலே பார்த்த 152 நாள் கணக்கை எழுதலாம். அதன் கீழே "ஆகவே 400க்கு வரும்போது வாங்கலாம்" என்ற ஒரு வரி சேர்ந்தால் அது வேறு சரக்கு.

வகுப்பு எடுப்பவர்களுக்கு 2025 ஜனவரி சுற்றறிக்கை இன்னொரு கட்டுப்பாட்டைத் தெளிவாக்கியது. கல்வி மட்டுமே என்று சொல்பவர் முந்தைய 3 மாத விலைத் தரவைக் காட்டிப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என்றது அது. இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. பாடத்திட்டம் போடும் நாளில் செபி தளத்தில் நடப்பு நிலையைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு, பதிவில்லாமல் ஆலோசனை தருபவருடனோ, வருமானம் இவ்வளவு வரும் என்று பேசுபவருடனோ தரகர்களும் ஃபண்ட் நிறுவனங்களும் தொடர்பு வைக்கவே தடை. டீமேட் கணக்குக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் வருமான வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பங்குகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் பதிவு செய்துவிடுங்கள், அது பெரிய மலையல்ல. ஆய்வாளர்களுக்கான என்.ஐ.எஸ்.எம். 15ஆம் வரிசைத் தேர்வு 2 மணி நேரம், 100 மதிப்பெண். 60 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு 25 சதவீதம் கழியும். சான்றிதழ் 3 வருடம் செல்லும். 2024 டிசம்பர் திருத்தம் முதுநிலைப் பட்டம், முன்னனுபவம் ஆகிய தேவைகளைத் தளர்த்தி, நிகர மதிப்புக்குப் பதில் வைப்புத்தொகையைக் கொண்டுவந்தது. 150 வாடிக்கையாளர் வரை 1 லட்சம், 1,000க்கு மேல் போனால் 10 லட்சம். தனிநபர் வாடிக்கையாளர் குடும்பத்திடம் வருடத்துக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது.

பதிவோடு விலங்கும் வரும். அறிக்கை வெளியிடுவதற்கு முன் 30 நாளும் பின் 5 நாளும் அந்தப் பங்கில் வர்த்தகம் செய்ய முடியாது. சொன்ன பரிந்துரைக்கு எதிராகவும் முடியாது. ஆவணங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். தீவிரமாக வர்த்தகம் செய்பவருக்கு இது ஒத்துவராது. வர்த்தகரா, எழுத்தாளரா என்று இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுவது நல்லது. பதிவு கட்டாயமில்லாத வகை எழுத்தாக இருந்தாலும், குறிப்பிடும் கம்பெனியில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதா, கடந்த 12 மாதத்தில் அவர்களிடம் பணம் வாங்கினீர்களா என்பதைப் பத்தியின் தலையிலேயே போடுங்கள். காலடியில் பொடி எழுத்தில் போடுவது மறைப்பதற்குச் சமம்.

பத்தி

வாரம் ஒன்று, 600 முதல் 800 சொல். ஒரு பத்திக்கு ஒரு எண் போதும். மற்ற எண்கள் அந்த ஒன்றை விளக்க வந்தால் வரட்டும். சந்தை மூடிய சூட்டோடு எழுதாதீர்கள். "சந்தை ஏன் விழுந்தது?" என்ற கேள்விக்கு அன்று மாலை யாரிடமும் பதில் இருக்காது. இருப்பதாகக் காட்டிக்கொள்பவர்களோடு போட்டி போட்டுப் பயனில்லை.

அனுப்பும் முன் எண்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிச் சரிபாருங்கள். மில்லியனைக் கோடியாக மாற்றும்போது 10 மடங்குப் பிழை சர்வசாதாரணம்: 10 மில்லியன் 1 கோடி, 1 பில்லியன் 100 கோடி. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதம் 6.5இலிருந்து 6.25க்கு வந்ததை "0.25 சதவீதம் குறைந்தது" என்று எழுதுவது தவறு, அது 0.25 சதவீதப் புள்ளி. 1 லட்சம் 6 வருடத்தில் 2 லட்சமானால் வருடத்துக்கு 16.7 சதவீதம் என்று எழுதாதீர்கள். கூட்டு வளர்ச்சி 12.25தான். பிழை வெளியாகிவிட்டால், திருத்தத்தைத் தேதியோடு மேலே போடுங்கள். சத்தமில்லாமல் மாற்றினால் யாரோ ஒருவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும்.

கணிப்பு சொல்வதாக இருந்தால் பேரேடு வையுங்கள். தேதி, சொன்னது, எந்த எண், எந்தத் தேதிக்குள், எத்தனை சதவீத நம்பிக்கை, கடைசியில் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் பிழை மதிப்பெண் போடுங்கள், குறைந்தால் நல்லது: 70 சதவீதம் என்று சொல்லி நடந்துவிட்டால் (1 − 0.7)ஐ வர்க்கமாக்கி 0.09, நடக்காவிட்டால் 0.7ஐ வர்க்கமாக்கி 0.49. சராசரி 0.25க்கு மேல் போனால், எல்லாவற்றுக்கும் "50க்கு 50" என்று சொல்லியிருந்தாலே இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று பொருள். 30 கணிப்பாவது சேரும்வரை சராசரியைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மனமொடியவும் வேண்டாம். டிவியில் பேசியதையும் இதில் ஏற்றுங்கள். அங்கேதான் வாய் அதிகம் நழுவும். டிவிக்குப் போகும்போது சொல்லப்போகும் ஒரு எண்ணையும், "அதைச் சொல்லும் பதிவு எனக்கு இல்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன்" என்ற வாக்கியத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நேரலையில் எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

வருமானம் பற்றிச் சுருக்கமாக: பத்திக் கட்டணம் சிறியது. பேச்சு, பயிற்சி, சந்தா ஆகியவைதான் தாங்கும். எல்லாம் சேர்ந்து வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

புத்தகம்

நூறு பத்திகள் சேர்ந்தால் புத்தகம் ஆகாது, தொகுப்பு ஆகும். பத்திகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரே கேள்வியை எடுத்து, 45,000 முதல் 60,000 சொல்லில் முதலிலிருந்து எழுதுங்கள். ஸ்டார்ட்அப் கணக்குகளைப் படிப்பது எப்படி என்பது அப்படி ஒரு கேள்வி. வரி விகிதம், செபி விதி, கட்டண வரம்பு போன்ற மாறும் எண்களை அத்தியாயங்களுக்குள் தூவாமல் பின்னிணைப்பில் ஒரே இடத்தில் வையுங்கள். அடுத்த பட்ஜெட்டில் எல்லாம் மாறினாலும் 8 பக்கத்தைத் திருத்தினால் போதும். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியில் நடக்கும். அதற்கு வர வேண்டுமென்றால் ஆகஸ்டுக்குள் இறுதிப் பிரதி பதிப்பாளர் கையில் இருக்க வேண்டும். அட்டவணைகளும் படங்களும் உள்ள நிதிப் புத்தகத்துக்குப் பிழைதிருத்தம் நாவலைவிட நாளெடுக்கும்.

ஒப்பந்தத்தில் ராயல்டி சதவீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்களே அதிகம். அது அச்சிட்ட விலையிலா, கழிவு போக வந்த தொகையிலா என்று பாருங்கள். நூலகக் கொள்முதலும் மொத்த விற்பனையும் எந்தக் கணக்கில் வரும் என்று கேளுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனி வரிகளாக எழுதச் சொல்லுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு ஓரளவு கைகொடுக்கிறது: உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறு விதமாக எழுதப்படாதவரை, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பி வந்துவிடும். இதனால்தான் பதிப்பாளர் தரும் தயார்ப் படிவத்தில் "காலவரையின்றி, உலகெங்கும், அனைத்து வடிவங்களிலும்" என்ற சொற்கள் இருக்கும். அவற்றை அடித்துவிட்டு வருடத்தை எழுதுங்கள்.

நீங்களே பதிப்பிப்பதானால் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கு யாருக்கும் பணம் தர வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இணைய விண்ணப்பத்தின் மேல் இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரின் ராயல்டிக்குப் பழைய வரி முறையில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு, ஆனால் இலக்கிய, கலை, அறிவியல் தன்மையுள்ள நூல்களுக்குத்தான். பாடநூலுக்கும் வழிகாட்டி நூலுக்கும் கிடையாது. உங்கள் நூல் எதில் சேரும் என்பதைக் கணக்குத் தாக்கலுக்கு முன்பே ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருடம் 50,000 ரூபாய்க்கு மேல் ராயல்டி தரும் பதிப்பாளர் 10 சதவீத வரி பிடித்துக்கொண்டுதான் தருவார். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் பாருங்கள். ஏறாமலிருந்தால் நிதியாண்டு முடிவதற்குள் கேட்டால்தான் வேலை சீக்கிரம் நடக்கும்.